பம்பைக் கழற்றும் முன்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

2009 மாடல் டீசல் பிக்கப். காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு செல்ஃப் ரொம்ப நேரம் அடிக்க வேண்டியிருக்கிறது அண்ணே. ஒருமுறை ஓடிவிட்டால் அன்று முழுக்கத் தொல்லை இல்லை. பம்ப் போய்விட்டதா? (கம்பம்)

போகவில்லை தம்பி. பம்ப் என்று எல்லோரும் சொல்வது, டீசலை அழுத்தி நாசிலுக்குத் தள்ளும் இன்ஜெக்‌ஷன் பம்பை. ராத்திரியில் லைனில் எங்கோ காற்று புகுந்து, டீசல் டேங்குக்கே இறங்கிவிடுகிறது. நாளைக் காலை செல்ஃப் அடிக்கும் முன் ஹேண்ட் ப்ரைமரை, அதாவது கையால் அழுத்தி டீசலை லைனில் ஏற்றும் குமிழை, இறுகும் வரை அழுத்துங்கள். உடனே ஸ்டார்ட் ஆனால் சந்தேகமே வேண்டாம். டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்புக்கு முன்னால், உள்ளே ஓடுவது தெரிகிற பிளாஸ்டிக் டியூப் ஒரு அடி மாட்டினால் குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும். ஹோஸ் முனைகள், கிளிப், பான்ஜோ போல்ட் (பைப்பைப் பிடிக்கும் துளையுள்ள போல்ட்), ஃபீட் பம்ப் வால்வு என்று வரிசையாகப் பாருங்கள். காப்பர் வாஷரைப் புதிதாகப் போடுங்கள், பழசைத் திருப்பிப் போடாதீர்கள்.

லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு லோடோடு ஏறும்போது பாதி மலையில் இழுவை போய்விடுகிறது. பத்து நிமிடம் நிறுத்திவிட்டு எடுத்தால் மறுபடி ஏறுகிறது. பட்டறையில் பம்ப் ஓவரால் செய்ய 20,000 ரூபாய்க்கு மேல் கேட்கிறார்கள். செய்யலாமா? (கூடலூர்)

செய்யாதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் எனக்குப் பொறுமை இருப்பதில்லை. வண்டி மலையில் திணறினால் பம்ப்தான் என்று முடிவு கட்டி, நேராக ஸ்பேனரை அதன்மேல் வைக்கிறார்கள். பதினைந்து வருடம் ஓடிய பம்பைச் சோதனைப் பெஞ்சில் ஏற்றினால் ஏதாவது தேய்மானம் தெரியத்தான் செய்யும். அதைக் காட்டி வேலையைத் தொடங்குவார்கள். திரும்ப மாட்டும்போது புது பில்டர் போடுவார்கள், ஹோஸையும் மாற்றுவார்கள். வண்டி நன்றாக ஏறும். ஏறியது பில்டராலும் ஹோஸாலும், பில் மட்டும் பம்புக்கு.

பத்து நிமிடம் நிறுத்தினால் சரியாகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஹெட் (பம்புக்குள் அழுத்தம் உண்டாக்கும் பாகம்) தேய்ந்த பம்பின் குணம் வேறு. எஞ்சின் நல்ல சூட்டில் இருக்கும்போது நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. பம்பின்மேல் ஈரத்துணி போட்டு ஆறவைத்தால் ஸ்டார்ட் ஆகும். உங்கள் வண்டியில் டீசல் வருகிற வழியில்தான் அடைப்பு.

முதலில் டேங்க் மூடியைத் தளர்த்தி வைத்துக்கொண்டு கொஞ்ச தூரம் மலை ஏறிப் பாருங்கள். மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். அப்புறம் பில்டர், டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செபரேட்டர், டேங்குக்குள் இருக்கும் சல்லடை. கடைசியாக ஹோஸ். இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. கழற்றி, பிளேடால் நீளவாக்கில் கீறிப் பாருங்கள். வெளியே புதுசாகத்தான் இருக்கும். உள்ளே ரப்பர் உரிந்து நாக்கு மாதிரி தொங்கிக்கொண்டிருக்கும். எஞ்சின் வேகமாக உறிஞ்சும்போது அது வழியை மூடும், நிறுத்தியதும் விலகிவிடும்.

எதிலும் பிடிபடவில்லையா? ஐந்து லிட்டர் கேனில் சுத்தமான டீசல் எடுத்து, பம்பைவிட உயரமாகக் கட்டி, தனி ஹோஸில் நேரடியாகக் கொடுத்து ஓட்டுங்கள். அதிலும் திணறினால்தான் பம்பைத் தொட வேண்டும்.

இன்னொன்று. கேரளப் பக்கத்தைவிட நம் பக்கம் டீசல் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு என்று எஸ்டேட் வண்டிக்காரர்கள் கேனில் வாங்கிப் போய் ஷெட்டில் வைக்கிறார்கள். மழைக்காலத்தில் கேனின் அடியில் தண்ணீர் சேரும். அந்தத் தண்ணீர்தான் பம்புக்குள் டீசலை அழுத்தும் பிளஞ்சரைத் துரு பிடிக்கவைத்து, நல்ல பம்பையும் கெடுக்கிறது. வாட்டர் செபரேட்டரை வாரம் ஒருமுறை திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள்.

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. எந்தக் கம்பெனி பம்ப் வாங்கலாம்? (ஊர் எழுதவில்லை)

என்ன வண்டி, எந்த வருடம், டீசலா பெட்ரோலா, செல்ஃப் சுற்றுகிறதா இல்லையா, கடைசியாக பில்டர் மாற்றியது எப்போது? ஒன்றுமே எழுதாமல் பம்ப் வாங்கக் கிளம்பினால் எப்படி? ரோட்டரி பம்பாக இருந்தால், சாவி போட்டதும் ஸ்டாப் சாலினாய்டுக்கு (பம்புக்குள் டீசல் வழியைத் திறந்து மூடும் மின் வால்வு) 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். ஒரு வயர் கழன்றதற்குப் பம்பையே மாற்றியவர்கள் உண்டு. விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

எஞ்சின் ஆயில் அளவு குறையாமல் ஏறிக்கொண்டே போகிறது. டீசல் வாடையும் அடிக்கிறது. (போடி)

வண்டியை இப்போதே நிறுத்துங்கள். எஞ்சின் பிளாக்கில் மாட்டிய டயாஃப்ரம் ஃபீட் பம்ப் என்றால், டயாஃப்ரம் கிழிந்து டீசல் ஆயிலில் இறங்குகிறது. பேரிங் போகும், ஆயில் அளவு மீறினால் எஞ்சின் அதையே எரித்துக்கொண்டு நிற்காமல் ஓடவும் கூடும். ஃபீட் பம்ப், ஆயில், ஆயில் பில்டர் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள்.

காமன் ரயில் பிக்கப். பழைய ஜீப்பில் செய்வதுபோல நாசில் பைப் நட்டைத் தளர்த்தி லைனில் உள்ள காற்றை வெளியேற்றலாமா, அதாவது ஏர் எடுக்கலாமா? (கட்டப்பனை)

கூடவே கூடாது. காமன் ரயிலில் எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரே குழாயில் (அதுதான் ரயில்) டீசல் அழுத்தத்தோடு நிற்கும். எஞ்சின் ஓடும்போது அந்த லைனில் அழுத்தம் 1,000 பாருக்கு மேலும் போகக்கூடும். கசிவை விரலால் தடவிப் பார்த்தால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்திய புள்ளிதான் தெரியும், ஆனால் விரலையே எடுக்க வேண்டிவரலாம். அப்படி ஆனால் வலி இல்லையே என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஏர் எடுப்பது பில்டர் பக்கம் மட்டும். ரயில் அழுத்தம் எவ்வளவு என்பதை ஸ்கேனரில் பார்க்கச் சொல்லுங்கள். பழைய பில்டரைக் கவிழ்த்துப் பாருங்கள். மினுமினுவென்று இரும்புத் தூள் வந்தால் பம்போடு முடியாது. இன்ஜெக்டர், ரயில், டேங்க் எல்லாவற்றுக்கும் வேலை உண்டு.

நானே பம்பைக் கழற்றி, பம்ப் சோதிக்கும் லேபில் சரிபார்த்து மாட்டினேன். இப்போது வெள்ளைப் புகை, இழுவையும் இல்லை. (செங்கோட்டை)

கழற்றும் முன் பம்ப் எந்த நிலையில் இருந்தது என்று மார்க் போட்டீர்களா? எழுதவில்லை, அதனால் போடவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். ஏர் முழுக்க எடுத்த பிறகும் வெள்ளைப் புகை என்றால் டைமிங், அதாவது டீசல் பாயும் நேரம், பின்தங்கியிருக்கிறது. அதுவே கடகடவென்று தட்டினால் முந்தியிருக்கிறது. முதல் சிலிண்டரின் பிஸ்டனை டாப்பில் (உச்சியில்) நிறுத்தி, கியர் மார்க்கைப் பார்த்து மறுபடி மாட்டுங்கள். காப்பர் வாஷர் இந்த முறையும் புதுசுதான்.

டீசலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்தால் பம்ப் சுத்தமாகுமா? (புளியரை)

ஆகாது, தேயும். பம்பின் உள்பாகங்களுக்கு வழவழப்பு டீசலில் இருந்துதான் கிடைக்கிறது. மண்ணெண்ணெயில் அது போதாது. அந்தக் காசுக்கு ஒரு பில்டர் வாங்கிப் போடுங்கள்.