பதினெட்டு ஆகிவிட்டால் வெளியேற வேண்டுமா? டர்பன் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

தென்னாப்பிரிக்காவில் வளர்ப்புக் குடும்பங்களிலும் காப்பகங்களிலும் வளர்ந்து 18 வயதைத் தொடும் பிள்ளைகளைப் பற்றி வந்த கேள்விகள் இவை. சமூகப் பணியாளராக இருந்த அனுபவத்தில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (சாட்ஸ்வர்த்): மகள் இறந்த பிறகு, கோர்ட் உத்தரவோடு பேரனை நான்தான் வளர்க்கிறேன். ஆகஸ்டில் அவனுக்கு 18. மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) அடுத்த வருஷம்தான். இனி அவன் என்னோடு இருக்க முடியாதா? உதவித்தொகை என்ன ஆகும்?

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. 2005-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின் 176-வது பிரிவுப்படி, 18 ஆகும் ஆண்டு முடியும் வரை உங்களோடு இருக்க அவனுக்கு உரிமை உண்டு. படிப்போ பயிற்சியோ மீதி இருந்தால், 21 ஆகும் ஆண்டின் கடைசி வரை நீட்டிக்கலாம். ஆனால் தானாக நடக்காது. மாகாண சமூக மேம்பாட்டுத் துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்தத் துறையின் நீட்டிப்பு உத்தரவு இல்லாமல், உதவித்தொகை கொடுக்கும் அரசு நிறுவனமான சாஸா அடுத்த வருஷம் பணம் தராது.

பள்ளியில் கடிதம் வாங்கும்போது, எந்த வகுப்பு, எந்த ஆண்டு என்று எழுதி முத்திரை வைத்திருக்கிறார்களா என்று அங்கேயே பாருங்கள். அவனுடைய ஐடி நகல், தொடர்ந்து வளர்க்கச் சம்மதம் என்ற உங்கள் கடிதம் இரண்டையும் சேர்த்துச் சமூகப் பணியாளரிடம் கொடுங்கள். டிசம்பரில் ஆபீசில் ஆள் கிடைப்பது கஷ்டம். அக்டோபருக்குள் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

கேள்வி (ஃபீனிக்ஸ், 17 வயது): நான் காப்பகத்தில் இருக்கிறேன். அடுத்த வருஷம் எங்கே போவேன் என்று யாரும் பேசவே இல்லை.

பதில்: தம்பி, நீயே பேச்சை எடு. மேலே சொன்ன நீட்டிப்பு உனக்கும் பொருந்தும். வெளியேறும் பிள்ளைகளுக்கான பயிற்சியைக் காப்பகங்கள் நடத்தலாம் என்கிறது சட்டம், நடத்தியே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. எனக்கு இதில் கடுமையான வருத்தம் உண்டு. கேப் டவுனில் சா-யெஸ், மாமெலானி போன்ற அமைப்புகள் இந்த வயதுப் பிள்ளைகளுக்காகவே வேலை செய்திருக்கின்றன. எல்லா ஊரிலும் அது கிடைப்பதில்லை.

கிளம்புவதற்கு முன் பிறப்புச் சான்றிதழ், ஐடி, பள்ளிச் சான்றிதழ்கள், கோர்ட் உத்தரவு, பெற்றோர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ் எல்லாம் உன் கைக்கு வர வேண்டும். ஐடி இன்னும் எடுக்கவில்லையா? 16 வயதிலேயே எடுக்கலாம், முதல் முறை இலவசம். பல்கலைக்கழகமோ டிவெட் என்கிற தொழிற்கல்விக் கல்லூரியோ, என்எஸ்ஃபாஸ் என்ற அரசு மாணவர் நிதி உதவி கேட்கும்போது இந்தக் காகிதங்கள்தான் பேசும்.

அப்புறம், உன்னை நன்றாகத் தெரிந்த பெரியவர் ஒருவரை, ஆசிரியரோ கோயிலில் பழகிய ஆன்ட்டியோ, இப்போதே பிடித்து வை. ஜொகன்னஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் வான் பிரேடா காப்பகம் விட்டு வந்த இளைஞர்களைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்தவர். தமக்கென்று மனிதர்களைச் சேர்த்துக்கொள்வதை அவர் முக்கியமாகச் சொல்கிறார். நானும் கண்ணால் பார்த்தது அதுதான்.

கேள்வி: அப்பா விட்டுச் சென்ற பணம் ஏதோ அரசு நிதியில் இருக்கிறதாமே?

பதில்: சிறு வயதினருக்குச் சேர வேண்டிய பணத்தை வைத்திருக்கும் கார்டியன்ஸ் ஃபண்டாக இருக்கலாம். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உள்ள உயர் நீதிமன்ற மாஸ்டர் ஆஃபீஸில் ஐடியோடு நேரில் கேளுங்கள். 18 ஆனதும் வாங்கலாம். இடையில் கமிஷன் கேட்பவரிடம் காகிதத்தைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி (இசிபிங்கோ): எனக்கு ஹார்ட்வேர் கடை. தீபாவளிக்குக் காப்பகப் பிள்ளைகளுக்குத் துணிமணி கொடுக்கிறேன். வேறென்ன செய்யலாம்?

பதில்: துணி கொடுங்கள், நல்லதுதான். கூடவே ஒரு பிள்ளைக்குச் சனிக்கிழமை வேலை கொடுங்கள் அண்ணா. ஆறு மாதம் கழித்து அவன் வேலையைப் பற்றி உண்மையாக ஒரு கடிதம் எழுதித் தாருங்கள். வாடகை அறை தேடிப் போகிற பிள்ளையிடம் வீட்டுக்காரர் முதலில் கேட்பது, "உனக்காகப் பேச யார் இருக்கிறார்கள்?" என்பதுதான். உங்கள் கடை நம்பரைக் கொடுக்கச் சொல்லுங்கள். 18 ஆகாத பிள்ளை என்றால் எல்லாமே காப்பகத்தின் வழியாகத்தான் நடக்க வேண்டும்.