நரகத்தோடு நிறுத்திவிடாதீர்கள்

கேள்வி: ஆவிக்குரிய வளர்ச்சிக்கு உதவும் என்று நண்பர் சொன்னதால் இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் ‘டிவைன் காமெடி’ காவியத்தை எடுத்தேன். நரகக் காண்டத்தில் பாதி தாண்டுவதற்குள் பயமும் சோர்வும்தான் மிச்சம். மரணத்துக்குப் பின் ஆத்துமாக்கள் சுத்திகரிக்கப்படும் இடமான உத்தரிக்கிற ஸ்தலத்தை எங்கள் சபை ஏற்பதும் இல்லை. மேலே படிக்கவா, விட்டுவிடவா?

பதில்: படியுங்கள். ஆனால் நேராக உத்தரிக்கிற ஸ்தலத்தைப் பற்றிய இரண்டாவது காண்டத்துக்குப் போய்விடுங்கள். தாந்தே 1302-இல் சொந்த ஊரான ஃபுளோரன்ஸிலிருந்து துரத்தப்பட்டவர். அந்த வலி நரகக் காண்டமெங்கும் கொட்டிக் கிடக்கிறது, அதில் வரும் ஊர்ப்பகைகளிலும் பெயர்களிலும் சிக்கி நீங்கள் சோர்ந்துபோனதில் தப்பே இல்லை. பாவம் எப்படிப்பட்டது என்று அந்தக் காண்டம் காட்டும், அதிலிருந்து மாறுவது எப்படி என்பதற்கு இரண்டாவது காண்டத்தில் வரும் ஏழு தளங்கள் கொண்ட மலையில்தான் ஏற வேண்டும்.

சபைப் போதனை பற்றிய உங்கள் தயக்கம் நியாயமானது. மரணத்துக்குப் பின் என்ன என்று தெரிந்துகொள்ள இதைப் படிக்க வேண்டாம், அதற்கு வேதாகமம் இருக்கிறது. ஆனால் அந்த மலையில் ஏறுகிறவர்கள் எல்லாரும் ஏற்கெனவே மன்னிப்புப் பெற்றவர்கள். மன்னிப்புக் கிடைத்த பிறகும் ஒட்டிக்கொண்டிருக்கிற பழைய குணம் எப்படிக் கழலும்? இது உயிரோடிருக்கும் நம் எல்லாருக்கும் உள்ள கேள்விதானே.

முதல் தளத்தில் பெருமைக்காரர்கள் பாறைகளைச் சுமந்து முதுகு வளைந்து நடக்கிறார்கள், நடந்துகொண்டே பரமண்டல ஜெபத்தைச் சொல்கிறார்கள், சோதனையிலிருந்து காக்கச் சொல்லும் கடைசி வேண்டுதல் வந்ததும், இது எங்களுக்காக அல்ல, பின்னால் பூமியில் இருப்பவர்களுக்காக என்கிறார்கள். அங்கே ஓதெரிசி என்ற ஓவியர். கையெழுத்துப் பிரதிகளுக்குச் சித்திரம் தீட்டிப் பேர் வாங்கியவர். காவியத்தில் பயணியாக வரும் தாந்தே புகழ்ந்ததும், போலோஞாவின் ஃபிராங்கோ வரைந்ததுதான் இன்னும் அழகு என்கிறார், உயிரோடு இருந்தபோது இப்படிப் பெருந்தன்மையாகப் பேசியிருக்க மாட்டேன் என்றும் சொல்லிவிடுகிறார். அவரோடு பேசத் தாந்தேயும் குனிந்தே நடக்கிறார். அடுத்த தளத்துக்கு வந்த பிறகும், தனக்கு அதிக பயம் கீழே இருக்கும் அந்தச் சுமைதான் என்று ஒப்புக்கொள்கிறார். மொத்தக் காவியத்திலும் எனக்கு மிகவும் நெருக்கமான இடம் இது.

இந்தக் காண்டத்தில் 33 பாடல்கள், நாளுக்கு ஒன்று போதும். குறிப்புரை உள்ள பதிப்பாக வாங்குங்கள். ஒவ்வொரு தளத்தை விட்டு ஏறும்போதும் மலைப்பிரசங்கத்தின் பாக்கிய வசனம் ஒன்று கேட்கும், மத்தேயு 5-ஐப் பக்கத்தில் திறந்து வையுங்கள். பொறாமை, கோபம், சோம்பல் என்று போகும்போது ஏதோ ஒரு தளம் உங்களைச் சுடும். அங்கே சில நாள் நின்று ஜெபியுங்கள், முடிந்தால் நம்பிக்கையான ஒருவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். அப்புறம் மோட்சக் காண்டத்தில் 24 முதல் 26 வரையாவது படித்துவிடுங்கள்: பேதுரு விசுவாசத்தையும், யாக்கோபு நம்பிக்கையையும், யோவான் அன்பையும் பற்றித் தாந்தேயைக் கேள்வி கேட்கிறார்கள். அவர் பதிலைப் படிப்பதற்கு முன் உங்கள் பதிலை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.