டிசம்பரில் வரும் கதைகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் முதல் சிறுகதை இந்த டிசம்பரில் ஓர் இதழில் வெளிவந்தது. அதே வாரத்தில் ‘இந்த ஆண்டின் சிறந்த சிறுகதைகள்’ என்று பட்டியல்கள் வரிசையாக வரத் தொடங்கிவிட்டன. என் கதையை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. நீங்கள் ஜனவரி முடிந்த பிறகுதான் பட்டியல் வெளியிடுகிறீர்கள். அதற்குள் எல்லோருடைய கவனமும் புதிய ஆண்டுக்குப் போய்விடுகிறதே, ஏன் இந்தத் தாமதம்? நல்ல கதை எப்போது வந்தாலும் வாசகரைத் தேடிக்கொள்ளும் என்கிறார் ஒரு நண்பர். நல்ல கதையை ஆண்டுக் கடைசியில் கொடுக்காதே, ஜனவரி வரை வைத்திரு என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

முதல் கதைக்கு வாழ்த்துகள்.

டிசம்பர் முதல் வாரத்தில் பட்டியல் வரவேண்டும் என்றால், தொகுப்பவர் நவம்பர் நடுவிலேயே வாசிப்பை நிறுத்தியாக வேண்டும். ஆனாலும் தலைப்பில் ‘ஆண்டின் சிறந்த’ என்றுதான் இருக்கும். விடுபட்ட கதை அடுத்த ஆண்டுப் பட்டியலிலும் வராது. அப்போது அது போன வருடக் கதை. நாவல் என்றால் இந்த இழப்பைத் தாங்கிக்கொள்ளும். அது தனிப் புத்தகம், அடுத்த ஆண்டிலும் மதிப்புரை வரும். சிறுகதையோ இதழுக்குள் இருக்கிறது. அடுத்த இதழ் வந்ததும் பேச்சும் நின்றுவிடுகிறது. தொகுப்பாக வருவதற்குப் பல வருடங்கள் ஆகலாம்.

முதல் நண்பர் சொல்வதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. அமெரிக்க எழுத்தாளர் கிறிஸ்டன் ரூபெனியனின் ‘கேட் பெர்சன்’ சிறுகதை 2017 டிசம்பரில்தான் ‘நியூ யார்க்கர்’ இதழில் வந்தது. சில நாட்களிலேயே இணையம் முழுக்க அதைப் பற்றிப் பேசினார்கள். ஆனால் அது உலகம் முழுக்க வாசிக்கப்படும் பத்திரிகை. ஆண் பெண் உறவில் சம்மதம் என்பது என்ன என்ற விவாதம் அப்போது உச்சத்தில் இருந்தது. அந்த இரண்டும் இல்லாத ஒரு சிறிய இதழில், புதிதாக எழுதுகிறவரின் கதை தானாகவே வாசகரைத் தேடிக்கொள்ளும் என்று நான் நம்பவில்லை. யாராவது ஒருவர் படித்து, இன்னொருவரிடம் சொல்லவேண்டும். அதற்கு நாள் பிடிக்கும். மார்ச்சில் வந்த கதைக்கு அந்த நாட்கள் கிடைத்துவிடுகின்றன, டிசம்பரில் வந்ததற்குக் கிடைப்பதில்லை.

இது விருதுகளிலும் உண்டு. அறிவியல் புனைவு, மிகைபுனைவு எழுத்துக்கான ஹியூகோ விருதில் ஒருவர் ஒரு பிரிவுக்கு அதிகபட்சம் ஐந்து படைப்புகளைத்தான் பரிந்துரைக்க முடியும். வருடம் முழுக்கப் படிக்கிறவர் மனதில் அந்த ஐந்து இடமும் அக்டோபரிலேயே நிரம்பியிருக்கும். பிறகு வரும் கதை, ஏற்கெனவே பிடித்துப்போன ஒன்றை வெளியே தள்ளினால்தான் உள்ளே வரமுடியும். அதே வகை எழுத்துக்கான நெபுலா விருதில் முன்பு வேறு விதி இருந்தது. கதை வெளியான நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் பரிந்துரைக்கலாம். எந்த மாதத்தில் வந்தாலும் எல்லாக் கதைக்கும் ஒரே அவகாசம். ஆனால் எந்தக் கதை எந்த ஆண்டு விருதுக்கு என்ற குழப்பம் தீரவே இல்லை. கடைசியில் அவர்களும் நாட்காட்டி ஆண்டுக்கு மாறிவிட்டார்கள். குழப்பத்தோடு அந்த நியாயமும் போயிற்று.

எனக்கு மிகவும் பிடித்தது நம் இலக்கியச் சிந்தனை அமைப்பு 1970 முதல் கையாண்ட முறை. மாதாமாதம் இதழ்களில் வந்த கதைகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். ஆண்டு முடிந்ததும் அந்தப் பன்னிரண்டில் ஒன்று ஆண்டின் சிறந்த கதையாகும். டிசம்பர் கதை முதல் சுற்றில் டிசம்பர் கதைகளோடு மட்டும் போட்டியிட்டால் போதும். அந்த மாதத்தை யாராவது உட்கார்ந்து படித்தே ஆகவேண்டும். இந்த ஒழுங்கு இருந்தால் ஆண்டுக் கடைசியில் அவசரமே வராது.

நான் ஜனவரி முழுவதையும் எடுத்துக்கொள்வது இதனால்தான். இன்னொரு காரணமும் இருக்கிறது. நேற்றுப் படித்த கதை இன்று பெரிதாகத் தெரியும். டிசம்பர் கதையைப் படித்த சூட்டில் பட்டியலில் சேர்த்தால், ஏப்ரலில் வந்து இன்னும் மனதில் நிற்கிற ஒரு கதைக்கு அநியாயம் செய்கிறேன். கொஞ்ச நாள் விட்டு, இரண்டையும் மறுபடி படித்துப் பார்க்கவேண்டும். இரண்டாவது வாசிப்பில் சில கதைகள் சுருங்கிவிடுகின்றன, சில விரிகின்றன. அது நடக்காமல் எதையும் சிறந்தது என்று எழுத எனக்கு மனம் வராது. பிப்ரவரியில் பட்டியலுக்குப் பரபரப்பு இருக்காதுதான். ஆனால் அப்போது தேடி வருகிறவர்கள் கதையைப் படிக்க வருகிறார்கள்.

இரண்டாவது நண்பரின் யோசனையைக் கேட்காதீர்கள். எந்த மாதம் போடுவது என்பது ஆசிரியர் கையில் இருக்கிறது. செப்டம்பரில் கொடுத்தது ஜனவரியில் வரலாம், ஜூனில் கொடுத்தது டிசம்பரில் வரலாம். எழுதி முடித்து, திருத்தி, உங்களுக்கே திருப்தியானதும் அனுப்பிவிடுங்கள். கையில் வைத்திருந்தால் அடுத்த கதையை எழுதவிடாது. அப்புறம், உங்கள் கதை வெளிவந்ததை நீங்களே நாலு பேருக்குச் சொல்வதில் கூச்சம் வேண்டாம். ஜனவரியில் இன்னொரு முறையும் சொல்லுங்கள்.

எந்த இதழ், கதையின் தலைப்பு என்ன என்று நீங்கள் எழுதவில்லை. உடனே அனுப்புங்கள். பட்டியலில் வருமா என்பது கதையைப் பொறுத்தது. இந்த மாதத்துக்குள் படித்து, என் கருத்தை உங்களுக்குத் தனியாக எழுதுகிறேன்.