பூதானின் வானம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரெஞ்சு ஓவியர் யூஜேன் பூதானின் கடற்கரைப் படங்களை இணையத்தில் வரிசையாகப் பார்த்தேன். முக்கால்வாசி வானம், அடியில் எறும்புச் சாரைபோல மனிதர்கள். முகம்கூடத் தெரியவில்லை. எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன. புகழ்பெற்ற ஓவியர் மோனேவுக்கு வழிகாட்டியவர் என்பதைத் தவிர அவருக்கு வேறு இடம் உண்டா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஒரே மூச்சில் பார்த்துத் தள்ளியதில்தான் அவை ஒன்றுபோலத் தெரிந்திருக்கின்றன. ஒரு படத்தை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு மேகத்தைப் பாருங்கள்.

பூதான் 1824இல் நார்மண்டியின் ஒன்ஃப்ளேர் துறைமுகத்தில் கடலோடி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். சிறுவனாகவே கப்பலில் எடுபிடி வேலை பார்த்தவர். கடலோடி வானத்தை அழகுக்காகப் பார்ப்பதில்லை. காற்று எப்போது திரும்பும், மழை எங்கிருந்து வரும் என்று அறியவே அண்ணாந்து பார்க்கிறான். அந்தக் கண்ணோடுதான் பூதான் வரைந்தார்.

1859இல் கவிஞர் போதலேர் அவருடைய பாஸ்டல் (வண்ணச் சுண்ணக்குச்சி) படங்களை நூற்றுக்கணக்கில் பார்த்து வியந்து எழுதினார். கடலையும் வானத்தையும் நேரில் பார்த்து விரைந்து தீட்டியவை அவை. ஓரத்தில் தேதி, நேரம், காற்று எல்லாம் குறிக்கப்பட்டிருந்தன: அக்டோபர் 8, நண்பகல், வடமேற்குக் காற்று. அந்தக் குறிப்பைக் கையால் மறைத்துக்கொண்டாலும் பருவத்தையும் நேரத்தையும் காற்றையும் ஊகித்துவிடலாம் என்றார் போதலேர். ஒரு நண்பகலை இன்னொரு நண்பகலிலிருந்து பிரித்துக் காட்டிய கை அது! என்னைக் கேட்டால், பெரிய எண்ணெய் ஓவியங்களைவிட இந்தச் சிறு தாள்களில்தான் முழுப் பூதான் இருக்கிறார்.

மோனேவுக்கும் முதலில் இவர் படங்கள் பிடிக்கவில்லை. லெ ஆவ்ர் நகரத்துக் கடையொன்றில் கேலிச்சித்திரங்களை விற்றுக்கொண்டிருந்த, இருபது வயதுகூட ஆகாத பையன். பூதான் விடாமல் அழைத்து, திறந்த வெளிக்குக் கூட்டிப்போய், அவன் பார்க்கத் தான் வரைந்தார். கண்ணை மூடியிருந்த திரை கிழிந்ததுபோல் இருந்தது என்று மோனே பிற்காலத்தில் சொன்னார். 1874இல் பாரிஸில் நடந்த, கணநேர ஒளியைத் தீட்டிய மோனே முதலான இம்ப்ரெஷனிஸ்டு ஓவியர்களின் முதல் கண்காட்சியில் பூதானும் கலந்துகொண்டார்.

முகம் தெரியவில்லை என்கிறீர்கள். நார்மண்டியின் த்ரூவில் என்ற ஊரின் கடற்கரையை அவர் வரைந்த படம் ஒன்றுக்குத் திரும்பிப் போங்கள். பெண்களின் அகன்ற பாவாடைகள் எந்தப் பக்கம் புடைத்திருக்கின்றன, கொடி எந்தப் பக்கம் படபடக்கிறது என்று பாருங்கள். பிறகு மேலே மேகம் எங்கே நகர்கிறது என்று பாருங்கள். அன்றைய காற்று எங்கிருந்து வீசியது என்று எனக்கு எழுதுங்கள்.