கேட்காத பாட்டு

வணக்கம் ஐயா,

ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்ட் வேலை எனக்கு. ஷிஃப்ட் போக மிச்ச நேரத்தில் நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு மேடை மியூசிக்கல் தயார் செய்கிறோம். உழைக்கும் மக்களின் கனவுகள்தான் கதை. கம்பெனி பஸ்ஸில் போகும் ஒரு பெண், ஒரு டெலிவரி பையன், காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு அம்மா. மொத்தம் 12 பாட்டு, இணைத்திருக்கிறேன். ‘தமிழின் முதல் தொழிலாளர் மியூசிக்கல்’ என்று போஸ்டர் போடலாமா? இசை லைவா, ட்ராக்கா? மெட்ராஸ் பாஷையில் எழுதினால் சபாக்காரர்கள் மேடை தருவார்களா?

ச., வியாசர்பாடி

அன்புள்ள ச.,

ஷிஃப்ட் முடிந்து ஒரகடத்திலிருந்து வியாசர்பாடி வந்து சேர்ந்து, அதற்கப்புறம் உட்கார்ந்து பாட்டு எழுதுகிறீர்கள். அதற்காகவே 12 பாட்டையும் இரண்டு தடவை படித்தேன். இரண்டாவது தடவை கையில் பென்சிலோடு. 9 பாட்டில் ‘கனவு’ வருகிறது. ஒரே பாட்டில் 7 முறை. அதில் பாதி, ‘நனவு’க்கு எதுகை வேண்டுமே என்று வந்தது.

லைவா ட்ராக்கா என்பது உங்கள் பர்ஸைக் கேட்க வேண்டிய கேள்வி. பாஷை? உங்கள் அம்மா வீட்டில் எப்படிப் பேசுவாரோ அப்படி எழுதுங்கள். சபா மேடை கிடைக்காவிட்டால் தெருமுனை இருக்கிறது.

போஸ்டர் வரியைப் பார்த்துத்தான் கோபம் வந்தது. தமிழ் நாடகமே பாட்டு நாடகம்தானய்யா. வசனம் பிற்பாடு மேலேறி உட்கார்ந்தது. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் இதே ஊரில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார், வசனத்தைக் கூட்டிப் பாட்டைக் குறைத்தார். போகப் போக நாடகம் என்றால் ஒரு சோபா, ஒரு டெலிபோன் என்று ஆயிற்று. (நானும் அப்படி இரண்டு எழுதியிருக்கிறேன், விடுங்கள்.) ஆனால் சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணம் இன்றும் ஊர்த் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கிறது. வள்ளியும் வேலனும் பாட்டிலேயே தர்க்கம் செய்வார்கள். ஆர்மோனியக்காரர் நடுவில் புகுந்து வம்புக்கு இழுப்பார்.

‘தொழிலாளர்’ என்று சேர்த்துக்கொண்டாலும் நீங்கள் முதல் ஆள் கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரம் எழுதிவிட்டார். பக்திக் கதை என்றுதான் நமக்குச் சொல்லித் தந்தார்கள். எனக்கு அது லீவு கேட்கும் கதை. நந்தன் பண்ணையாள், சிதம்பரம் போய்வர ஆண்டையிடம் உத்தரவு கேட்கிறான். பெரியபுராணத்தில் அந்த ஆண்டையே இல்லை. ‘நாளைப் போவேன், நாளைப் போவேன்’ என்று நாளைத் தள்ளிக்கொண்டே இருப்பவர்தான் அங்கே உண்டு. கோபாலகிருஷ்ண பாரதியார்தான் அவருக்கு எதிரே ஒரு முதலாளியைக் கொண்டுவந்து நிறுத்தினார். நாற்பது வேலி நிலத்தின் வெள்ளாமையை முடித்துவிட்டுப் போ என்கிறார் ஆண்டை. டார்கெட்! உங்கள் சூப்பர்வைசர் குரல் கேட்கவில்லையா? சிவனின் பூதகணங்கள் வந்து ஒரே ராத்திரியில் வேலையை முடித்துக் கொடுக்கின்றன. ஒரகடத்துக்கு யார் வருவார்கள்?

உங்கள் ஆட்கள் எல்லோரும் வானத்தைப் பார்த்துப் பாடுகிறார்கள். ஒருவர்கூட இன்னொருவரிடம் எதையும் கேட்கவில்லை. கம்பெனி பஸ் பெண் ‘சிறகு வேண்டும்’ என்கிறாள். என்ன சிறகு? அவளுக்குத் தங்கை நிச்சயதார்த்தத்துக்கு ஒரு நாள் லீவு வேண்டாமா? லைனை விட்டு பாத்ரூம் போய்வரப் பத்து நிமிஷம் வேண்டாமா? போய்க் கேட்டால் ஒரு ஆள் முடியாது என்பார். அந்த ‘முடியாது’க்கு அப்புறம் வாயைத் திறந்து அவள் என்ன சொன்னாலும் வேலை போய்விடும். பாட்டை அங்கே வையுங்கள்.

என் அப்பா வடசென்னையில் ஒரு மில்லில் தறி ஓட்டினார். தறிக்கூடத்து இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது, சைகையும் வாயசைப்பும்தான் பேச்சு. அந்தப் பழக்கத்தில் வீட்டிலும் எங்கள் வாயைத்தான் பார்ப்பார். அம்மா அடுப்பைப் பார்த்தபடி எதையாவது சொன்னால் பதில் வராது. அவர் பாடி நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அவர் இறந்த அன்று, கூட வேலை பார்த்த பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்கப்பன் இன்னாமா பாடுவான் தெரியுமா நைனா” என்றார். கேட்டிருக்கிறீர்களா என்றேன்.

“எங்க கேக்கறது? வாயத்தான் பாத்துகினு இருப்பேன். ஷிஃப்ட் முழுக்கப் பாடுவான்.”

வள்ளி திருமணமா, சினிமாப் பாட்டா, அவரே கட்டியதா, அந்தப் பெரியவருக்கும் தெரியவில்லை. அப்பா யாரிடமும் எதையும் கேட்டு வாங்கியவர் இல்லை, என் காதுகுத்துக்குக்கூட லீவு கேட்கவில்லை. இருபது வருஷமாக அந்த வாயசைப்பை எழுதப் பார்க்கிறேன், வரவில்லை. உங்கள் மேல் இவ்வளவு கோபம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சரி. போஸ்டரை ஓரம் வையுங்கள். அந்தப் பெண் சூப்பர்வைசரிடம் லீவு கேட்கும் காட்சியை வெறும் வசனமாக எழுதி அனுப்புங்கள், ‘கனவு’ வராமல். அப்புறம், ட்ராக் வேண்டாம். கேட்க வாய் வராமல் அவள் தயங்கி நின்றால் ட்ராக் அது பாட்டுக்கு ஓடிவிடும், ஆர்மோனியக்காரர் என்றால் கட்டையில் விரலை வைத்துக்கொண்டு காத்திருப்பார். ஆர்மோனியப் பெட்டி கிடைக்கவில்லை என்றால் சொல்லுங்கள், என் வீட்டில் ஒன்று சும்மா கிடக்கிறது.