ஆறு எழுத்தைக் கொடுத்து ‘சொல் கண்டுபிடி’ என்றால்?

தாராவியிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். ஏழாவது வரை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்த மகளை இந்த வருடம் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்திருக்கிறார். டீச்சர் வாரம் ஒருமுறை போர்டில் ஆறு எழுத்தை எழுதி, “இதில் எத்தனை வார்த்தை வரும்?” என்று கேட்கிறாராம். மற்ற பிள்ளைகள் பத்து, பன்னிரண்டு எழுத, இவள் இரண்டோடு நின்றுவிடுகிறாள். 90 அடி ரோட்டுப் பக்கம் ஒரு வகுப்பில் ஆறு மாதத்துக்கு 6,000 ரூபாய் கேட்கிறார்கள். கட்டலாமா? எனக்கு இங்கிலீஷ் தெரியாது, வீட்டில் நான் என்ன செய்ய முடியும்?

கட்ட வேண்டாம், அம்மா. இது மனப்பாட வேலை இல்லை, கை வேலை. பழைய காலண்டர் அட்டையைச் சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு எழுத்தை மகளை எழுதச் சொல்லுங்கள். உதாரணத்துக்கு எல் (L), ஐ (I), எஸ் (S), டி (T), இ (E), என் (N). உயிரெழுத்துகளான ஐ, இ இரண்டும் இடது பக்கம், மற்றவை வலது பக்கம்.

ஒரு உயிரெழுத்தை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் ஒவ்வொன்று வைக்கட்டும். டி-ஐ-என் வைத்தால் டின். கடைசியில் இ சேர்த்தால் டைன், அதாவது முள்கரண்டியின் முள். எல்-லையும் சேர்த்து மாற்றி அடுக்கினால் இன்லெட். எஸ்-ஸையும் போட்டால் சைலன்ட். இப்படி ஒவ்வொரு எழுத்தாக வளர்க்க வேண்டும். ஆறு எழுத்தை 720 விதமாக அடுக்கலாம், எல்லாவற்றையும் யாராலும் போட்டுப் பார்க்க முடியாது. அதே ஆறு எழுத்தில் லிஸன், என்லிஸ்ட், டின்ஸல், இன்லெட்ஸ் எல்லாம் இருக்கின்றன.

எஸ் இருந்தால் அதைத் தனியாக எடுத்து வையுங்கள். டின், லைன், டைல் என்று எழுதி முடித்ததும் ஒவ்வொன்றின் வாலிலும் எஸ் ஒட்டிப் பார்க்கட்டும். பட்டியல் ஒரே நிமிடத்தில் இரண்டு மடங்காகும்.

பிள்ளைகள் விழும் பள்ளம் ஒன்று உண்டு. இதில் டைட்டில் என்று எழுதிவிடுவார்கள். அதற்கு டி இரண்டு வேண்டும், கையில் இருப்பது ஒன்றுதான். இங்கேதான் நீங்கள் வருகிறீர்கள். மகள் எழுதிய சொல்லை அட்டையில் அடுக்கச் சொல்லுங்கள். அட்டை பற்றவில்லை என்றால் அந்தச் சொல் செல்லாது. அதைப் பார்த்துச் சொல்ல இங்கிலீஷ் தெரிய வேண்டியதில்லை.

அந்த வகுப்பு விஷயம். இருபது வருடமாக மாட்டுங்காவில் பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டைச் சொல்லித் தருகிறேன், இப்படிப்பட்ட வகுப்புகளைப் பார்த்துப் பார்த்துக் கொதித்துப் போயிருக்கிறேன். பள்ளி வாசலில் நோட்டீஸ் கொடுப்பார்கள். ‘பத்தாயிரம் சொல் பட்டியல்’ என்று தடிப் புத்தகம் தருவார்கள், இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதைப் பிரிண்ட் எடுத்தது. அப்புறம் ‘தேசியப் போட்டி’ என்று தனிக் கட்டணம், வந்த எல்லோருக்கும் மெடல். என்னிடம் வந்த ஒரு பையன் அப்படி மூன்று மெடல் வைத்திருந்தான், ஐந்து எழுத்தைக் கொடுத்தால் திகைத்து நின்றான். அவன் அப்பா ஓவர்டைம் பார்த்துக் கட்டிய பணம் அது. எழுத்தைப் போட்டால் சொற்களைத் தரும் இலவசத் தளங்கள் எத்தனையோ உண்டு. விளையாடி முடித்த பிறகு, விட்டது என்ன என்று பார்க்க மட்டும் திறக்கட்டும். போன் நம்பர் கேட்கும் தளத்தை உடனே மூடிவிடுங்கள்.

அந்தப் புத்தகங்கள் க்யூ (Q) என்ற எழுத்தில்தான் பக்கம் பக்கமாக மிரட்டும். எழுத்துக் கட்டைகளை அடுக்கிச் சொல் சேர்க்கும் ஸ்கிராபிள் விளையாட்டின் பெட்டியில் 100 கட்டை, அதில் இ மட்டும் 12, க்யூ ஒன்றே ஒன்று. பள்ளிக்கு ஒரே விதி போதும்: க்யூ வந்தால் பக்கத்தில் யு வரும். விதிவிலக்கு உண்டுதான். அரபியிலிருந்தும் சீனத்திலிருந்தும் வந்த ஃபகீர், தலாக், சீனர்கள் உயிர்ச்சக்தி என்று சொல்லும் ‘சீ’ ஆகியவற்றை யு இல்லாமல் வெறும் க்யூ போட்டு எழுதுவார்கள். ஸ்கிராபிள் போட்டிக்கான காலின்ஸ் பட்டியலில் மூன்றும் செல்லும். ஆனால் கத்தார், ஈராக் செல்லாது. அவற்றிலும் யு இல்லாத க்யூ இருக்கிறது, ஆனால் அவை நாடுகளின் பெயர். பள்ளியின் சின்ன அகராதியில் ‘சீ’ இல்லை என்றால் டீச்சர் அந்தச் சொல்லை அடித்துவிடுவார். சண்டை வேண்டாம், அதை விட்டுவிடட்டும்.

டைன் போல அகராதியில் இருக்கும் சொல் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பல பள்ளிகளில் டீச்சர் கையில் ஒரு விடைத்தாள் இருக்கும், அதில் இல்லாதது எல்லாம் தப்பு. புதிதாக ஒரு சொல்லைக் கண்டுபிடித்த குழந்தைக்குச் சிவப்பு மையா? இந்த முறையை எப்போதுதான் மாற்றுவார்களோ! எந்த அகராதியை ஏற்பீர்கள், எஸ் போட்ட பன்மை செல்லுமா என்று டீச்சரிடம் முதலிலேயே கேட்டு வைக்கச் சொல்லுங்கள். மார்க் குறைந்தால் அதே அகராதியில் அந்தப் பக்கத்தைத் திறந்து, மரியாதையாக மேசையில் வைக்கட்டும்.