22 புள்ளிகளை வைத்துப் பிள்ளையைக் கணிக்கலாமா?

கேள்வி: என் அண்ணன் மகள் தண்டையார்பேட்டையில் 9-ஆம் வகுப்பு படிக்கிறாள். 14 வயது, உயரம் 168 செ.மீ. குறுவட்டக் கூடைப்பந்துப் போட்டியில் ஒரே மேட்சில் 22 புள்ளி எடுத்தாள். பி.டி. மாஸ்டர் அவளை எப்போதும் ரிங்குக்கு அடியிலேயே நிறுத்துகிறார். "பெரிய ப்ளேயரா வருவா" என்று எல்லோரும் சொல்கிறார்கள். நிஜமாகவே வளர்கிறாளா என்று நாங்களே கண்டுபிடிக்க முடியுமா? விளையாட்டு விடுதிக்கு முயலலாமா? 11 வயதில் வயதுக்கு வந்தாள். அண்ணன் 174 செ.மீ., அண்ணி 160 செ.மீ.

பதில்: அந்த 22 புள்ளியைவிட, கடைசியில் நீங்கள் எழுதியிருக்கும் மூன்று எண்கள்தான் முக்கியம். அதிலிருந்தே தொடங்குவோம்.

அப்பா, அம்மா உயரத்தைக் கூட்டி, பெண் பிள்ளை என்பதால் 13 கழித்து, இரண்டால் வகுங்கள். 160.5 வருகிறது. பெற்றோர் உயரப்படி அவள் வளர்ந்து நிற்கக்கூடிய உயரம் இது. இதிலிருந்து 8 செ.மீ. போல மேலோ கீழோ போகலாம். அவள் இப்போதே 168. வயதுக்கு வந்த பிறகு பெண் பிள்ளைகள் சராசரியாக 5 முதல் 7 செ.மீ. வரைதான் வளர்வார்கள், அதிலும் பெரும்பகுதி முதல் இரண்டு வருடத்திலேயே முடிந்துவிடும். இவளுக்கு மூன்று வருடம் ஆகிவிட்டது. இனி ஒன்றிரண்டு செ.மீ. கூடினாலே அதிகம்.

குறுவட்டத்தில் அவள்தான் உயரம், அதனால் ரிங் அடியில் ராஜ்ஜியம். மாநில அளவில் 180-ஐ ஒட்டிய பிள்ளைகள் போஸ்ட்டில், அதாவது ரிங்குக்குப் பக்கத்தில், நிற்பார்கள். அங்கே 168 என்பது கார்டு, அதாவது பந்தைத் தட்டிக்கொண்டு போய் ஆட்டத்தை நடத்தும் இடம், ஆடுகிறவளின் உயரம். ஆனால் கார்டுக்கு வேண்டிய எதையும் இன்றைக்கு அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. மாஸ்டரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவருக்கு இந்த மேட்ச் ஜெயிக்க வேண்டும். 17-ஆம் வயதில் அவள் எந்த இடத்தில் ஆடுவாள் என்று யோசிக்க வேண்டியவர்கள் நீங்கள்.

அடுத்த மேட்சுக்கு ஒரு நோட்டு எடுத்துப் போங்கள். எத்தனை புள்ளி என்று எழுத வேண்டாம், எப்படி வந்தது என்று எழுதுங்கள்: ரீபவுண்ட் (ரிங்கில் பட்டுத் திரும்பும் பந்து) பிடித்து அங்கேயே போட்டது, வலது கை லே-அப் (ஓடிவந்து ரிங் அருகே எம்பிப் போடுவது), இடது கை லே-அப், டிரிப்பிள் செய்து (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு போய்) நின்று போட்டது, ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையில்லாத வீச்சு). 22-இல் 16 ரீபவுண்டிலிருந்து வந்திருந்தால் அது உயரம் போட்ட புள்ளி.

பிறகு பந்து கைக்கு வரும் அந்த ஒரு நொடியை மட்டும் பாருங்கள். எங்களைக் கேட்டால் மொத்தக் கணிப்பில் பாதி அங்கேதான் இருக்கிறது. நன்றாக வளர்கிற பிள்ளை பந்தைப் பிடித்ததும் முழங்கால் மடங்கிய நிலையில் ரிங்கைப் பார்ப்பாள். போடலாமா, பாஸா, உள்ளே போகலாமா என்று பார்த்த பிறகுதான் பந்து தரையைத் தொடும். வளராத பிள்ளை பிடித்தவுடனே தலையைக் குனிந்து ஒரு தட்டு தட்டிவிடுவாள். அந்த ஒரு தட்டில் எதிராளி வந்து ஒட்டிக்கொள்வாள். ஒரு மேட்சில் எத்தனை முறை பந்து வந்தது, எத்தனை முறை பார்க்காமல் தட்டினாள் என்று கோடு போடுங்கள். மாதத்துக்கு மாதம் இந்தக் கோடு குறைந்தால் வளர்கிறாள்.

இன்னொன்றையும் குறியுங்கள். பந்தைப் பறிகொடுத்ததும் எத்தனை நொடியில் திரும்பி டிஃபென்ஸுக்கு ஓடுகிறாள்? கையை உதறிக்கொண்டு நடுவரைப் பார்த்து நிற்கிறாளா? தேர்வாளர்கள் பையில் பேனாவைத் தேடுவதற்கு முன்பே பார்த்துவிடும் விஷயம் இது.

எந்தப் பந்தில் ஆடுகிறாள் என்றும் பாருங்கள். பெண்களுக்கு 6-ஆம் எண் பந்து. பல பள்ளிகளில் பையன்களுடைய 7-ஆம் எண் பந்துதான் எல்லோருக்கும். சுற்றளவில் 4 செ.மீ. போலவும் எடையில் சுமார் 70 கிராமும் அதிகம். கை எட்டாததால் முழங்கை வெளியே விரியும், இரண்டு கையாலும் நெஞ்சிலிருந்து தள்ளுவாள். இரண்டு வருடம் அப்படிப் போட்டுப் பழகிய கையைத் திருத்துவது பெரும்பாடு. சொந்தமாக ஒரு 6-ஆம் எண் ரப்பர் பந்து வாங்கிக் கொடுங்கள். சிமென்ட் கோர்ட்டில் தோல் பந்து சீக்கிரம் தேய்ந்துவிடும், ரப்பரே போதும்.

வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில், 50 ஃப்ரீ த்ரோ. கடற்காற்று எழும்பிவிட்டால் திறந்தவெளி கோர்ட்டில் பந்து ஒதுங்கும், அதனால் காலை 7 மணிக்குள் முடித்துவிடுங்கள். 4, 5 கூடினாலோ குறைந்தாலோ பதற வேண்டாம், 50 பந்தில் அவ்வளவு ஏற்ற இறக்கம் தற்செயலாகவே வரும். நான்கு வாரத்தைக் கூட்டிப் பாருங்கள். அதே நாளில் ரிங் அடியில் நின்று வலம், இடம் என்று மாற்றி மாற்றிப் பந்து போடும் மைக்கன் டிரில், 30 நொடி. இடது பக்கம் விழுந்ததைத் தனியாக எழுதுங்கள். வலதில் பாதிகூட இல்லையென்றால் கார்டு ஆட இன்னும் நாளாகும்.

உடம்பையும் கவனியுங்கள். ஏ.சி.எல். எனும் முழங்கால் தசைநார் கிழிவது பையன்களைவிடப் பெண் பிள்ளைகளுக்கே அதிகம். ஓர் அடி உயரப் படியிலிருந்து இரண்டு காலில் குதித்து, உடனே மேலே எம்பச் சொல்லுங்கள். போனை முன்னால், முழங்கால் உயரத்தில் வைத்து ஸ்லோ மோஷனில் எடுங்கள். இறங்கும்போது இரண்டு முழங்காலும் ஒன்றையொன்று பார்த்து உள்ளே சாய்ந்தால், மேட்சைக் கூட்டுவதற்கு முன் அதைச் சரிசெய்ய வேண்டும். வாரம் மூன்று நாள், பயிற்சிக்கு முன் 15 நிமிடம்: ஸ்குவாட் (முழங்கால் மடக்கி உட்கார்ந்து எழுவது), லன்ஜ் (ஒரு காலை முன்வைத்து இறங்கி எழுவது), ஒற்றைக்காலில் நிற்பது, சத்தமில்லாமல் குதித்து இறங்குவது. கோர்ட்டில் மண்தூசி படிந்திருந்தால் ஈரச் சாக்கால் துடைத்த பிறகே இறங்கட்டும்.

நான்காவது குவாட்டரில் (ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதி) அவள் துவண்டுபோனால் சோம்பல் என்று திட்டிவிடாதீர்கள். 5-ஆவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். 12-க்குக் கீழே இருந்தால் முதலில் மருத்துவர், அப்புறம் கோச்.

மாஸ்டரிடம் எப்படிப் பேசுவது? "ரிங் அடியில் நிறுத்தாதீங்க சார்" என்றால் வருத்தப்படுவார். "பிராக்டிஸ் மேட்ச்ல ஒரு குவாட்டர் மட்டும் இவளே பந்தை மேல கொண்டுபோகட்டும் சார்" என்று கேளுங்கள். 10 நிமிடம்தானே, பெரும்பாலும் ஒத்துக்கொள்வார். முதல் மாதம் பந்தை நிறையப் பறிகொடுப்பாள், அதைத் தோல்வியாக எண்ண வேண்டாம்.

விடுதி பற்றி: தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணைய விடுதிகளில் வழக்கமாக 7, 8, 9, 11-ஆம் வகுப்புகளுக்குத்தான் சேர்க்கை. அவள் அடுத்து 10-ஆம் வகுப்பு. ஆகவே உங்கள் குறி 11-ஆம் வகுப்புச் சேர்க்கையாக இருக்கட்டும். இடையில் ஒன்றரை வருடம் கிடைக்கிறது, கார்டாக மாற அது வேண்டியதுதான். விடுதிக்கான தேர்வுகள் கோடையில் நடக்கும், அறிவிப்பை ஆணையத்தின் இணையதளத்தில் பாருங்கள். பொதுத்தேர்வு மாதங்களில் பயிற்சியை அடியோடு நிறுத்தாமல், தினம் 20 நிமிடமாவது இடது கை டிரிப்ளிங் நடக்கட்டும். மொட்டை மாடி போதும்.

பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவேடு மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் விடுதித் தேர்வு நாளில் அலைச்சல்தான். குறுவட்டம், வருவாய் மாவட்டம் என்று ஆடிய ஒவ்வொரு போட்டிக்கும் கையெழுத்து, முத்திரையோடு சான்றிதழை அந்த வாரமே வாங்கி ஃபைலில் வையுங்கள்.